பலகையில் குத்திய ஊசிகள்

கெட்டிக்காரத்தனத்தை எந்த இடத்தில் ஒளித்துவைக்க வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. பதினாறு வயதில் அது எனக்குத் தெரிந்திருந்தால், இன்றைக்கு நானும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். பாளையம்பட்டியில் எங்கள் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நானும் அண்ணன் கோபாலும் பதினொன்றாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். (ஒரு வகுப்பில் பெயிலாகி, தங்கச்சி வரட்டும் என்று பெருந்தன்மையாகக் காத்திருந்தான்.) வகுப்பில் நான்தான் முதலாவது. மதுரையில் காலேஜ், அப்புறம் கணக்கு டீச்சர் வேலை, அதற்கு என்ன கலர் சேலை என்பதுவரை மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

ஆனால் அப்பாவால் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும். மற்றவர் தறிக்கு. யாரை எதற்கு என்று தெரியாமல் மனுஷன் தவித்துக்கொண்டிருந்தார். (பெண்ணை அந்தக் கணக்கில் சேர்த்ததற்கே எங்கள் தெருவில் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.)

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து ஓர் ஆபீசர் பள்ளிக்கு வந்தார். யாருக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று பரீட்சை வைத்துச் சொல்வாராம். முதலில் ஒரு தாள் கொடுத்தார். பூச்செடி வளர்க்கப் பிடிக்குமா, கடிகாரம் ரிப்பேர் செய்யப் பிடிக்குமா, மேடையில் பேசப் பிடிக்குமா? அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்த பெரிய மனிதர் கேட்கிறார், பிடிக்காது என்றா சொல்வது? அண்ணனும் நானும் எல்லாவற்றுக்கும் பிடிக்கும் என்று டிக் அடித்தோம்.

ஆபீசர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதுல ஒண்ணும் தெரியலையேம்மா!"

அடுத்து, துளை போட்ட ஒரு பலகை. சின்னச் சின்ன ஊசிகளை எடுத்துத் துளைகளில் குத்த வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது, அதன் நுனிகளில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது வீட்டில் என் வேலை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வோம். இங்கே சாம்பலுக்கு எங்கே போவது? சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடிகாரத்தை அவர் சரியாகப் பார்ப்பதற்குள் பலகை நிறைந்துவிட்டது. "இன்னொரு தடவை செய்ம்மா" என்று சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டரைக் கூட்டிவந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவையைவிட வேகமாகக் குத்தினேன். கைதட்டினார்கள். என்னைப்போல ஒரு கிறுக்கச்சியை அந்தப் பள்ளிக்கூடம் பார்த்திருக்காது.

அண்ணன் முறை வந்ததும் ஊசி டப்பாவையே கவிழ்த்தான். பெஞ்சுக்கடியில் தவழ்ந்து பொறுக்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தவள் நான்.

சாயங்காலம் அப்பா பள்ளிக்கு வந்தார்.

"ஐயா, எங்க வசதிக்கு ஒரு புள்ளயத்தான் படிக்கவைக்க முடியும். யாரைன்னு நீங்களே சொல்லிருங்க."

"உங்க பொண்ணு விரல் மாதிரி நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல. கைவேலைன்னா அபாரம்."

"பையன்?"

"கைவேலைக்கு லாயக்கே இல்ல."

"அப்பத் தறிக்கு ஆகமாட்டான். படிக்கத்தான் லாயக்கு."

"ஐயய்யோ, நான் அப்படிச் சொல்லல…" என்று ஆபீசர் ஆரம்பிப்பதற்குள் அப்பா கும்பிட்டு முடித்திருந்தார்.

"அப்பா, என் மார்க்கு?" என்றேன்.

"ஏ புள்ள, அதான் அவுகளே சொல்லிட்டாகல்ல!"

அண்ணன் காலேஜுக்குப் போனான், பேங்க் ஆபீசர் ஆனான். நான் தறியில் உட்கார்ந்தேன். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. எந்தக் கல்யாண வீட்டிலும் பூக்கூடை நேரே என் மடிக்குத்தான் வரும். "எங்க தங்கச்சி விரலுக்கு மதுரை ஆபீசரே சர்டிபிகேட் குடுத்திருக்காரு!" என்று அண்ணன் ஆரம்பிப்பான். கதையில் டப்பா கவிழும் இடம் வந்ததும் மண்டபமே சிரிக்கும்.

என் மகள் படித்த பள்ளிக்கும் ஒருநாள் அப்படி ஒருத்தர் பலகையோடு வந்தார். அவள் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினேன். "பாப்பா, எதக் குடுத்தாலும் கீழ போட்டுரு."

போட்டாள். இப்போது காலேஜில் கணக்குச் சொல்லித் தருகிறாள். அந்தக் கதையையும் அண்ணன் விடுவதில்லை. "கையப் பாரு, அப்படியே மாமன உரிச்சு வச்சிருக்கு!" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பூவைக் கட்டிக்கொண்டே சிரிப்பேன்.