மூச்சு சாரும் விரியாத மல்லியும்

சித்திரை வெயிலில், சேலையூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஃபேனை அணைத்துவிட்டு விருப்பத்தோடு உட்காரும் ஜீவன் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. எங்கள் மாடி வீட்டு மூச்சு சார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு மூச்சு சார்தான். கதவைத் தட்டினால் ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார். “மூச்சு விடாதீங்க, பூ ஆடும்” என்பார். உள்ளே ஜன்னலோரம் எவர்சில்வர் டம்ளரில் ஒற்றை ரோஜா நிற்கும். எதிரே ஸ்டாண்டில் கேமரா. கேமராவுக்குப் பின்னால், பனியன் பிழியப் பிழிய நனைந்து, நாற்பத்தைந்து வயசு பிரம்மச்சாரி.

வீடு தேடி வந்தபோதே புரோக்கரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: ஜன்னல் வடக்குப் பார்த்து இருக்கா? வாஸ்து பார்ட்டி என்று நினைத்த புரோக்கர் குபேர மூலை, ஈசான்யம் என்று அளந்துகொண்டே போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ரோஜா மேல வெளிச்சம் மெத்துனு விழணும், அவ்ளோதான்” என்றாராம் சார். தண்ணீர் வருமா என்று கேட்கவே இல்லை. வராது என்பது குடி வந்த பிறகுதான் தெரிந்தது.

கேம்ப் ரோடு பூக்கார அக்காவுக்கு அவர் நிரந்தரத் தலைவலி. ஊரே முழம் போட்டு வாங்கிப் போகும் இடத்தில், இவர் ஒற்றை ரோஜாவை எடுத்து முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று திருப்பிக்கொண்டே இருப்பார். “இன்னா சார், பூ வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்துகீறியா?” என்று அந்தக்கா கேட்டேவிட்டார். சார் கோபப்படவில்லை. “இதுக்கு இடது பக்கம்தான் அழகு” என்றார்.

கலைஞன் என்றால் கொஞ்சமாவது நேர்மை வேண்டாமா? அவர் ரோஜாவில் மின்னும் பனித்துளி, மருந்துக்கடை கிளிசரின். சலூனில் தலைக்கு அடிப்பார்களே, அந்த மாதிரி ஸ்ப்ரே பாட்டிலில் கலந்து அடிப்பார். பிறகு ‘விடியல்’ என்று தலைப்பிட்டு ஃபிளாட் வாட்ஸப் குரூப்பில் போடுவார். ஒரே ரோஜா, முப்பது படம். தண்ணி லாரி எப்போது வரும் என்கிற உயிர்போகும் தகவல் அந்தத் தோட்டத்துக்கு அடியில் புதைந்து போகும். “சாமிக்கும் இல்லாம, தலைக்கும் இல்லாம, போட்டோவுக்குன்னு ஒரு பூவா” என்பாள் அம்மா.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்காவுக்குப் பூ வைக்க அனகாபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பட்டுப்புடவை வந்தது. பழத்தட்டு வந்தது. ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் அத்தனை பேரும் வந்தார்கள். பூ வரவில்லை. வாடாமல் இருக்கட்டும் என்று வாழை இலையில் சுற்றி அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். அது அங்கேயே வாடாமல் இருந்தது.

நாலரைக்கு ராகு காலம். பூக்கார அக்கா கடை போடவே ஐந்தரை ஆகும். என் அக்கா தலையில் ஏற்கெனவே இருக்கிற பூவை எடுத்துத் திரும்ப வைக்க முடியுமா? மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கிவிட்டது. “சகுனமே சரியில்லையே. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.” அக்காவுக்கு முன்பு வந்த வரன்களும் இதே ‘இன்னொரு நாள்’ சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். அந்த நாள் எந்தக் காலண்டரிலும் வரவில்லை. இந்த மாப்பிள்ளையை அக்காவுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் மாடிக்கு ஓடினேன்.

“மூச்சு விடாதே.”

ஜன்னல் கம்பியில் ரெண்டு முழம் மல்லி, எல்லாம் மொட்டு. மொட்டு விரிகிற கணத்தைப் பிடிக்க வாரக்கணக்கில் முயன்று தோற்று, அன்று காலையிலிருந்து சாப்பிடாமல் காவல் இருந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஆறு மணிக்குள்ள விரிஞ்சிடும், தம்பி.”

“அதுக்குள்ள அக்கா கல்யாணம் வாடிடும் சார்.”

பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் இருவரில் யார் அழகு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நூலை அவிழ்த்தார்.

பூவை அவரே ஏந்திக்கொண்டு இறங்கினார், கழுத்தில் கேமராவோடு. “சுத்தமான பூம்மா, கிளிசரின் அடிக்கல” என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சான்றிதழ் வேறு. அந்தம்மா ஒன்றும் புரியாமல் வாங்கி அக்காவின் கூந்தலருகே கொண்டுபோனார். சட்டென்று ஃபேன் நின்றது. கரண்ட் போகவில்லை. சாரின் கை சுவிட்சில் இருந்தது.

“அம்மா, அப்படியே இருங்க. யாரும் மூச்சு விடாதீங்க, பூ ஆடுது.”

ராகு காலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. இங்கே பட்டுப்புடவைகளும் பட்டுவேட்டிகளும் வியர்த்து வழிய, மொத்த சம்பந்திக் கூட்டமும் என்ன ஏதென்று தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. முதலில் வெடித்துச் சிரித்தவர் மாப்பிள்ளையின் அம்மாதான். சிரித்துக்கொண்டே பூவை வைத்துவிட்டார்.

சார் இப்போது கூடுவாஞ்சேரியில் சொந்த ஃபிளாட் வாங்கிப் போய்விட்டார். ஜன்னல் வடக்குப் பார்த்ததாம். தண்ணீர் வருவதில்லையாம்.

அக்கா கல்யாணத்துக்குக் காசு கொடுத்து வைத்த போட்டோகிராபரின் ஆல்பத்தில் நாங்கள் எல்லோரும் ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறோம். பூ வைத்த அன்று சார் எடுத்தது ஒரே படம். அதுவும் அவர் கணக்கில் தோற்ற படம். பூ லேசாக ஆடிவிட்டதாம். முன்னால் மல்லி மொட்டு. பின்னால் கலங்கலாகத் தெரிகிற கூட்டத்தில் அக்கா உட்பட அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அக்கா தன் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது அதைத்தான். அங்கே போகும்போதெல்லாம், அந்தப் படத்தைக் கடக்கும்வரை, என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.