மாமனாரைக் கள்வனாக்கிய நான்காவது கேள்வி

"நீங்கள் எப்படிப்பட்டவர்?" என்று யாராவது கேட்டால் மனிதர்கள் உண்மையைச் சொல்வதே இல்லை. எப்படி இருக்க ஆசைப்படுகிறார்களோ, அதைத்தான் சொல்வார்கள். சோம்பேறி தன்னை நிதானமானவன் என்பான். வாயாடி தன்னை மனதில் பட்டதைப் பேசுகிறவள் என்பாள். (நான் இரண்டாவது ரகம். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன்.) இந்தப் பொய்யை நம்பித்தான் எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. அதே சமாசாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காவிரிக்கரைக் குத்தாலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வீடியோ கேம் தயாரிக்கிறோம். சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை. ஒரு பாத்திரமாகவே மாறி, ஊர் ஊராகப் போய், சண்டை போட்டு, சமாதானம் பேசி, கதையை நாமே நடத்திப் போகிற வகை. இந்த மாதிரி கேம்களில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் "நீ யார்?" என்ற பிரச்சினை வரும். சிலவற்றில் வீரன், வைத்தியர், ஒற்றன் என்று பட்டியல் போட்டு நம்மையே பொறுக்கிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். சிலவற்றில் கொஞ்சம் குசும்பு அதிகம். தர்மசங்கடமான கேள்விகளாகக் கேட்டு, நம் பதில்களைக் கூட்டிக் கழித்து, "தம்பி, நீ இதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடும்.

கல்லூரி விடுதியில் இருந்தபோது அப்படி ஒரு கேம் என்னிடம் என்னென்னவோ கேட்டுவிட்டு, கடைசியில் மூலிகை அரைக்கும் வைத்தியச்சி ஆக்கிவிட்டது. எனக்கோ வாள் வேண்டும்! அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அடிபட்ட பறவையைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, கண்டுகொள்ளாமல் போவேன் என்று புளுகினேன். வாள் கிடைத்தது. அன்றைக்கே எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. கேள்வி கேட்கிறவனை ஏமாற்றிவிடலாம், ஆனால் நான் கேள்வி எழுதினால் ஒருவராலும் ஏமாற்ற முடியாது. இந்த மண்டைக்கனத்தோடுதான் வேலைக்குச் சேர்ந்தேன்.

எங்கள் கேமில் ஆற்றங்கரை நாடு ஒன்று உண்டு. அதில் ஆட வருகிறவர்களுக்கான கேள்விகள் எல்லாம் என் கைவண்ணம். நான்காவது கேள்வி இது. 'வாய்க்காலின் மேல்பக்கத்துக்காரன் மதகை அடைத்துவிட்டான். உன் பயிர் கருகுகிறது. நீ என்ன செய்வாய்? அ, அரசனிடம் முறையிடுவேன். ஆ, அவனோடு நேருக்கு நேர் மோதுவேன். இ, மழை வேண்டிப் பிரார்த்திப்பேன். ஈ, யாரும் அறியாமல் கரையை வெட்டி நீரை என் வயலுக்குத் திருப்புவேன்.'

கடைசிப் பதிலை யோக்கியமான ஆள் எவனாவது தேர்ந்தெடுப்பானா? அதனால் அதற்குக் கள்வன் கணக்கில் அள்ளி அள்ளி மதிப்பெண் போட்டு வைத்தேன். 'ஈ' என்று சொல்லிவிட்டால் போதும். மற்ற கேள்விகளில் உத்தமனாக இருந்தாலும் அந்த ஆள் 'கள்வன்' ஆகிவிடுவான்.

கேமில் பிழை கண்டுபிடிக்கிற வேலை செழியனுக்கு. வேதாரண்யம் பக்கம் ஒரு கடைமடைக் கிராமத்துப் பையன். கடைமடை என்றால், ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மனசிருந்தால் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம். அவன் என் கேள்வியைப் பார்த்துவிட்டு, "கயல், இது தப்பு. எங்க ஊர்ல ஆட விட்டா மொத்த ஊரும் கள்வனாத்தான் வரும்" என்றான். "பிழை இல்லை" என்று எழுதி, அலுவலகக் கணினியில் அவன் பதிந்த புகாரை மூடினேன். அவன் மறுபடி திறந்தான். நான் மறுபடி மூடினேன். திறந்து மூடித் திறந்து மூடியே எங்களுக்குள் காதல் வந்துவிட்டது. வேறு எப்படி வந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, கொஞ்சம் முணுமுணுத்து, கடைசியில் "சரி, நேரில் பேசலாம்" என்ற அளவுக்கு வந்தது. செழியனும் அவன் அப்பாவும் அம்மாவும் ஒரு கூடை மாம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் "சரி" என்றால் கல்யாணம். "யோசிச்சுச் சொல்றோம்" என்றால் அவ்வளவுதான், எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது.

என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்துதான், தலைமையிலிருந்து இல்லை. கொஞ்சம் நிலமும் உண்டு. செழியனின் அப்பா விவசாயி. அவர்கள் ஊரில் எந்தத் தகராறு என்றாலும் அவரைத்தான் மத்தியஸ்தத்துக்குக் கூப்பிடுவார்களாம். அவ்வளவு நேர்மையான மனிதர். இரண்டு பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து, "வெயில் ஜாஸ்தி", "ஆமா, ஜாஸ்திதான்" என்று பேசி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது.

கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்த செழியனின் அப்பாவே (நான் அப்போதே மாமா என்றுதான் கூப்பிட்டேன்) பாவம் பார்த்து ஆரம்பித்தார். "அம்மாடி, நீ என்ன வேலை பாக்குறேன்னு இவன் எத்தனை தடவ சொன்னாலும் எனக்கு வெளங்கல. என்னதான் பண்றே?"

"கேள்வி கேட்டு ஆள் எப்படின்னு சொல்லிடுவேன் மாமா" என்றேன்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். (நிறுத்தினால் நான் ஏன் வாயாடி?) ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்துவந்து கூடத்து டிவியில் சொருகினேன். செழியன் என்னைப் பார்த்து 'வேண்டாம்' என்று கண்ணால் கெஞ்சினான். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் அப்பாவை உட்காரவைத்தேன். நான்காவது கேள்விக்கு அவர் குரலைக் கனைத்துக்கொண்டு, "அரசனிடம் முறையிடுவேன். அதுதானே முறை?" என்றார். முடிவில் 'அறவோன்' என்று வந்தது. திரையில் பூமாரி பொழிந்தது. அப்பா அதை ஏற்கெனவே எதிர்பார்த்தவர் போலத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்து மாமா. வழியில் கிடந்த பொன்மூட்டையை உரியவரிடம் கொடுத்தார். பசித்தவனுக்குச் சோறு போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்காவது கேள்வி வந்தது.

மாமா சிரித்துவிட்டார். "இது ஒரு கேள்வியா? ஈ தான்."

"அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றான் செழியன்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? பயிர் காயுது!"

எந்த விசையை அழுத்தினால் நிற்கும் என்று தேடினேன். ஒன்றும் நிற்காது. ஏனென்றால் முடிவுக் காட்சியில் வருகிற வசனம் என்னுடையது. அதை ஒருவரும் தாண்டிப் போய்விடக் கூடாது என்று, நிறுத்தவே முடியாதபடி அமைக்கச் சொல்லி அடம்பிடித்து வாங்கியவளும் நான்தான். இன்னொரு விசேஷமும் உண்டு. அந்த வசனத்துக்குக் குரல் கொடுக்க ஆள் கிடைக்கும்வரை, தற்காலிகமாக என் குரலையே பதிவு செய்து வைத்திருந்தேன்.

எங்கள் டிவியின் சத்தம், அம்மா சமையலறையிலிருந்தே சீரியல் கேட்பதற்குத் தோதாக வைத்திருக்கிற சத்தம். அதில் என் குரல் அரண்மனைக் கட்டியக்காரன் மாதிரி முழங்கியது.

"நீ ஒரு கள்வன்! உன் கண் பட்ட குடம் காணாமல் போகும்! உன் கை பட்ட பூட்டு தானே திறக்கும்! ஊராரே, பெட்டிகளைப் பூட்டுங்கள், இவன் வந்துவிட்டான்!"

பதறிப்போய் ஏதோ ஒரு விசையை அழுத்தினேன். அது முதலிலிருந்து தொடங்கியது. "நீ ஒரு கள்வன்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. வருங்கால மாமனாரை நீ, வா, போ என்று பேசி, ஊரையே பெட்டியைப் பூட்டச் சொன்ன மருமகள் காவிரி டெல்டாவில் எனக்கு முன்னால் யாராவது இருந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், கோயில் கட்டுகிறேன்.

மாமா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து என் அப்பாவுக்குள் இருந்த தலைமையாசிரியர் விழித்துக்கொண்டார். "குழந்தை எழுதினதுல தப்பில்லையே? கரையை வெட்டுறது சட்டப்படி குத்தந்தானே?"

"சார்" என்றார் மாமா, மெதுவாக. "ஆத்துல தண்ணி வந்தா மொதல்ல உங்க ஊருக்கு. நீங்க குளிச்சு, தொவைச்சு, வயலுக்கு விட்டு, மிச்சம் மீதி இருந்தா எங்களுக்கு. வாசல்ல தண்ணி ஓடுறவங்க சட்டம் பேசலாம். நாங்க பேசிக்கிட்டிருந்தா பயிர் கேக்குமா?"

"அதுக்குன்னு அடுத்தவன் கரையிலயா கை வைக்கிறது?"

"செழியா" என்று எழுந்தார் மாமா. "வண்டிய எடு. யோசிச்சுச் சொல்லுவோம்."

வந்துவிட்டது அந்த வார்த்தை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கேள்வி, ஒரே ஒரு வெட்டிக் கேள்வி, எனக்குப் பிடித்த ஒருத்தனை வண்டியேற்றி அனுப்பப் போகிறது. செழியன் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாதவன் போலச் சட்டைப் பையையே தடவிக்கொண்டிருந்தான். சாவி அவன் இடது கையில் இருந்தது.

அப்போதுதான் அம்மா காபித் தம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்தார். டிவியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஏங்க, அரசன்கிட்ட முறையிடுவேன்னா சொன்னீங்க? தண்ணி வராத அந்த வருஷம் விடியக்காலைல மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போனது யாரு? வேட்டியெல்லாம் சேறோட ஸ்கூல்ல பிரேயர்ல போய் நின்னது யாரு? பசங்களுக்கு அன்னிக்கு நேர்மையப் பத்தித்தான பேசுனீங்க?"

அப்பா உத்தரத்தைப் பார்த்தார். மாமா எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

"சார், எவ்வளவு வெட்டுனீங்க?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அசல் தொழில் விசாரணை.

"சும்மா... அரை அடி."

"அரை அடில என்ன சார் வரும்? நண்டுதான் வரும்!"

"அதான் மறுநாளும் போனேன்" என்றார் அப்பா.

மாமாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அப்பாவும் முடியாமல் சிரித்துவிட்டார். அப்புறம் பார்க்க வேண்டுமே! கரையை எந்த இடத்தில் வெட்டினால் வெளியே தெரியாது, மேலே எந்தத் தழையைப் போட்டு மூட வேண்டும் என்று இரண்டு பேரும் தரையில் விரலால் வரைபடம் போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். என் அப்பாவுக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நடுவில் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "எனக்கு மறுபடி ஒரு தடவ போடு" என்றார். போட்டேன். "நீ ஒரு கள்வன்!" என்று பெற்ற தகப்பனையும் திட்டி முடித்தது என் குரல். மாமா கைதட்டினார்.

நான் மூச்சு விட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

அதுவரை வாயே திறக்காமல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்த செழியனின் அம்மா, "எல்லாரையும் கேட்டாச்சு. இந்தப் பொண்ண யாரு கேக்குறது?" என்றார்.

"அது எழுதின கேள்வி, அதுக்கு எல்லாப் பதிலும் தெரியுமே" என்றார் அம்மா.

"அப்ப நான் கேக்குறேன். இப்படி வாம்மா, உக்காரு. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டாச்சு. அடுப்பத் தொடச்சு, பாத்திரத்தக் கழுவிக் கவுத்தாச்சு. அப்ப எம்புள்ள வந்து தோசை வேணும்ங்கிறான். நீ என்ன செய்வே?"

பலே! இதற்கு எந்தப் பதிலில் அதிக மதிப்பெண் என்று என் மூளை ஓடியது. நல்ல மருமகள் என்ற பாத்திரம் வேண்டும், அவ்வளவுதானே?

"சந்தோஷமா ஊத்திக் கொடுப்பேன் அத்தை."

"பொய்" என்றார் அத்தை. "அடுத்து?"

"பாலும் பழமும் சாப்பிடச் சொல்லி அன்பா எடுத்துச் சொல்லுவேன்."

"அது இன்னும் பெரிய பொய். உம்மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மறுபடி சொல்லு."

விடுதியில் வாளுக்காகப் பறவையைக் கைவிட்டவள் இங்கே வகையாக மாட்டிக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செழியன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். போனால் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

"மாவு எங்க இருக்குன்னு காட்டுவேன்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"காட்டிட்டு?" என்றார் அத்தை.

"காட்டிட்டு... எனக்கும் ரெண்டு ஊத்தச் சொல்லுவேன்."

அத்தை சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு புடவையில் தெறித்தது. "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்லணும்னு நெனச்சு சொல்லாமயே போன பதில் இது" என்றவர், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாள் பாக்கச் சொல்லுங்க. இவ பொழைச்சுக்குவா." எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான், ஆனால் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே அழுதால் பார்க்க நன்றாக இருக்காது என்று செழியன் பிறகு சொன்னான்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அவன் புகாரைத் திறந்தேன். 'பிழை உண்டு, பிழை எழுதியவளிடம்' என்று குறித்தேன். கேள்வியை மாற்றவில்லை, மதிப்பெண்ணை மாற்றினேன். இப்போது 'ஈ' என்று சொன்னால் 'கடைமடையார்' என்று புதிதாக ஒரு பாத்திரம் வரும். கையில் மண்வெட்டி, பசி தாங்கும் சக்தி அதிகம், அரசனுக்கு அடங்க மாட்டார். பூமாரியும் உண்டு. மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். "பழசையே வை அம்மாடி. அதுல உங்குரல் இருந்துச்சு" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி, நானும் அத்தையும் உட்கார்ந்திருக்க செழியன் தோசை ஊற்றுவது மாமா வீட்டில் சாதாரணம் ஆகிவிட்டது. ஆனால் மாமா மட்டும் விடுவதாக இல்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒரு உறவுக்காரர் முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்.

"இதான் எம் மருமக. சம்பந்தம் பேசப் போன எடத்துல, ஊரே கேக்குற மாதிரி என்னக் கள்வன்னு சொல்லிச்சு."

"ஐயையோ! நீங்க சும்மாவா இருந்தீங்க?" என்று அவர்கள் கேட்பார்கள்.

"சும்மா இருப்பனா? அந்த வீட்டுல இருந்ததுலயே நல்ல பொருளாப் பாத்துத் தூக்கிட்டு வந்துட்டேன்."