வலது பொத்தானில் உக்கிரபாண்டி

முனிச்சாலை, மதுரை.
14.6.2003

அன்பும் மரியாதையும் உள்ள அம்பத்தூர் மாமா பீமாராவ் அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகன் கருத்தக்கண்ணன் எழுதிக்கொள்வது. அங்கே அத்தையும் பவதாரிணியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நம் ஊரில் அம்மா சௌக்கியம், ஆடு இரண்டும் சௌக்கியம். என்னை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. நீங்கள் ஃபீஸ் கட்டிப் படிக்கவைத்த, கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேட் படிப்பை நம்பி, நீங்களே பேசிச் சேர்த்துவிட்ட வேலை நேற்று மாலை நாலேகாலுக்குப் போய்விட்டது. ஒரு மவுஸால் போய்விட்டது.

"ஆறு மாசம் டிரெயினிங், அப்புறம் பெர்மனென்ட்" என்று எஞ்சினியர் நாகசுப்பிரமணியன் சார் உங்களிடம் சொன்னது நினைவிருக்கும். இரண்டு வருடமாக அதே ஆறு மாதம்தான் ஓடுகிறது. போன மாதம் அவருடைய அக்காள் மகன் ஸ்ரீனிவாஸ் பி.ஈ. முடித்துவிட்டு வந்தான். வந்த அன்றே சுழல் நாற்காலி அவனுக்கு, ஸ்டூல் எனக்கு. கோபம் வந்தால் நம் ஆட்கள் கொடி பிடிப்பார்கள், நான் மவுஸைப் பிடித்தேன். அதன் வலது பொத்தானை அமுக்கினால் ஒரு சின்ன மெனு வரும் மாமா. அதில் என்னென்ன வரவேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதியிருக்கும், நோட்பேடில் திறந்து நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். நான் இல்லாமல் அந்த மிஷினில் எவனும் ஒரு கோடுகூடப் போடக்கூடாது என்று, கட்டளைக்கெல்லாம் ஊர்க்காரர்கள் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவைத்தேன். இழுத்து நீட்டும் கட்டளைக்குச் சின்னச்சாமி, அவர் பேச்சு உங்களுக்கே தெரியும். போட்டதையே திரும்பப் போடுவதற்கு ஒச்சாயி, ஒரே கதையைத் தினம் சொல்வதால். செய்த தப்பைத் திருப்பி எடுக்கும் கட்டளைக்கு மெனு போதாது என்று நடுப் பொத்தான் முழுவதையும் கொடுத்து, ராமக்காள் என்று பெயர் வைத்தேன். சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் வீடுவீடாகப் போய்க் கும்பிட்டுச் சரிசெய்தது உங்கள் அக்காதானே. இதுவும் அப்படித்தான், ஃபைலை மூடாதவரை எத்தனை தப்பானாலும் பின்னாலேயே போய்ச் சரிசெய்யும். அழிக்கும் கட்டளைக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. உக்கிரபாண்டி.

நம் ஊர்க் கண்மாய்க்கரைப் புஞ்சையை வாங்கிப் பிளாட் போடுகிறாரே, அதே உக்கிரபாண்டிதான். அந்த மனைப் படம் எங்கள் ஆபீசுக்குத்தான் வந்தது. நம் தெருவிலிருந்து ரோட்டுக்குப் போகும் பன்னிரண்டடிப் பாதை அதன் நடுவில் ஓடுகிறது. நேற்றுக் காலை சார் சொன்னார்: "கண்ணா, அந்தப் பாதைய எடுத்துட்டு நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டுன்னு ரெண்டு பிளாட்டப் போட்ரு."

"சார், அது எங்க தெருப் பாத சார்."

"ரெக்கார்டுல பாதைன்னு இருக்கா? இல்லேல்ல? போடுறா."

ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலகத்தையே கிழிப்பவன் நான். அங்கே செய்தது இவ்வளவுதான்: பாதையைத் தேர்ந்தெடுத்து, வலது பொத்தானை அமுக்கி, உக்கிரபாண்டியைத் தட்டினேன். பாதை போய்விட்டது. அந்த இடத்தில் நாற்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும் போட்டேன். அழித்தவர் பெயர்தான் அதிலேயே இருக்கிறதே, நமக்கென்ன என்று ஃபைலைக்கூட மூடாமல் டீ குடிக்கப் போய்விட்டேன்.

நாலு மணிக்கு உக்கிரபாண்டியே வந்தார், நாற்பத்தோராம் பிளாட்டுக்கு அதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட்ட ரிடையர்டு வாத்தியார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. ஸ்ரீனிவாஸ் சைட்டுக்குப் போயிருந்தான். பலகையில் பென்சிலால் வரைந்து பழகிய எங்கள் சார், ஆள் பார்க்கிறார்கள் என்று என் ஸ்டூலில் உட்கார்ந்து, திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மவுஸை இழுத்தார். மொத்தப் படமும் தேர்வாகிப் புள்ளிப் புள்ளியாய் மாறியது. என்ன ஆச்சு என்று பதறி வலது பொத்தானை அமுக்கினார். மெனு வந்தது.

உக்கிரபாண்டி குனிந்து பார்த்தார். "ஏய், எம்பேரு போட்ருக்குப்பா!"

வர்க்கக் கோபம் கொழுந்துவிட்டு எரியும் உங்கள் மருமகன் சொன்னது: "ஆமாண்ணே, ஒங்களுக்குன்னே தனியாப் போட்டது."

அவருக்கு அம்புட்டுச் சந்தோஷம். "கட்சிப் போஸ்டர்லயே எம்பேரக் கடைசிலதான் போடுறாய்ங்க. சார், நகருங்க, நானே அமுக்குறேன்."

அமுக்கினார். எண்பத்துநாலு பிளாட்டும், தெருவும், பார்க்கும் ஒரே நொடியில் காலி. திரை கன்னங்கரேல் என்று நின்றது.

"கரண்டு போச்சா?" என்றார் வாத்தியார்.

"டேய், எங்கடா எல்லாம்?" என்று சார் கத்தினார்.

"ராமக்காள அமுக்குங்க சார்!"

"யார?"

"எங்கம்மா சார். நடுப் பொத்தான்!"

"ராமக்காளா? நம்ம வயல்ல களையெடுக்க வருமே, அதா?" என்றார் உக்கிரபாண்டி. "அதுக்கு இங்க என்னடா சோலி?"

அது பழைய மிஷின். ஒரு தடவை அமுக்கினால் மூச்சு வாங்கிவிட்டுத்தான் அசையும். சாருக்குப் பொறுமை இல்லை, பத்துப் பன்னிரண்டு தடவை அமுக்கித் தள்ளினார். மிஷின் கண் விழித்து அத்தனையையும் வரிசையாகச் செய்தது. எல்லாப் பிளாட்டும் வந்தன, சார் சிரித்தார். நாற்பத்திரண்டு மறைந்தது, சிரிப்பு நின்றது. நாற்பத்தொன்றும் மறைந்தது. அந்த இடத்தில் நம் பாதை பன்னிரண்டடி அகலத்தில் வந்து படுத்துக்கொண்டது.

வாத்தியார் திரைக்கு மூக்கைக் கொடுத்து வாசித்தார். "காலனிக்குப் போற பாதைன்னுல்ல எழுதியிருக்கு? எம் பிளாட்டு எங்கய்யா?"

அதற்குப் பிறகு பேசியவை கடிதத்தில் எழுதத் தகாதவை. கடைசியில் சார் என்னிடம், "நாளைலருந்து வராத" என்றார். "பாத வந்துருச்சுல்ல, அது போதும் சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். படியிறங்கிய பிறகுதான் சொன்னேன், என் செருப்புக்கு மட்டும் கேட்டிருக்கும்.

ஆகையால் மாமா, சென்னையில் ஒரு வேலை பாருங்கள். எந்த ஆபீசில் எந்த மிஷினைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் அந்தப் பாதையை இந்தக் கையால் இன்னொரு தடவை அழிக்க மாட்டேன், விரலை வெட்டினாலும் சரி. அம்மாவிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம். பவதாரிணி நன்றாகப் படித்து, சுழல் நாற்காலியில் உட்காரட்டும்.

தங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
கருத்தக்கண்ணன்

பின்குறிப்பு (17.6.2003): கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்ததால் ஓரத்தில் எழுதுகிறேன். பைபாஸ் ரோட்டில் ஓர் ஆபீசில் டெஸ்ட் வைத்தார்கள். வலது பொத்தானை அமுக்கினால் சின்னச்சாமியும் இல்லை, ஒச்சாயியும் இல்லை. இருபது நிமிடத்தில் ஒரு கதவுகூட வரைய முடியவில்லை. "போய்ட்டு வாங்க தம்பி" என்றார்கள். என் மெனு ஃபைலை எடுத்துவரலாம் என்று ஃபிளாப்பியோடு பழைய ஆபீசுக்குப் போனேன். ஸ்ரீனிவாஸ் என் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மெனுவை வைத்தே பறந்துகொண்டிருந்தான். ஆனால் நாற்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும் மட்டும் போடவில்லையாம். "அது பாத மாமா, நான் அழிக்க மாட்டேன்" என்று சாரிடம் சொல்லிவிட்டானாம். அவன் சொல்லலாம், அவனுக்கு மாமா அங்கேயே இருக்கிறார்.

"பெர்மனென்ட் ஆக்கிர்றேன், வந்து போட்ரு" என்றார் சார். உட்கார்ந்தேன். பாதையைத் தேர்ந்தெடுத்து வலது பொத்தானை அமுக்கினேன். உக்கிரபாண்டியைக் காணோம், அந்த இடத்தில் கருத்தக்கண்ணன் என்று இருந்தது.

"யார் அழிச்சாங்களோ அவங்க பேர்தானண்ணே வரணும்?" என்றான் ஸ்ரீனிவாஸ். அந்தப் பெயரைத்தான் தட்டினேன்.

சென்னையில் வேலை தேட வேண்டாம் மாமா. நடுப் பொத்தான் இன்னமும் ராமக்காள்தான். ஆனால் சேமித்து, ஃபைலை மூடிவிட்டேன்.