ஆமத்தூர் கைராசிக்காரர்

மனைவியை வீட்டோடு இருத்தி வைக்க வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் நான் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். வெளியில் கேட்டவர்களிடம் கிராமத்து அமைதி, சுத்தமான காற்று, வீட்டு முட்டை என்று பேசினேன்.

விருதுநகரில் இருந்த மல்லி, வத்தல் கமிஷன் கடையை மகன் நவ்ஷாத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஆமத்தூரில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். எனக்கு அமைதி கிடைத்தது. கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது. என் மனைவி ஆசியா பீவி வியாழக்கிழமை பஸ் ஏறினால், விருதுநகரில் தங்கை ஹஸ்னா வீட்டில் இருந்துவிட்டுச் சனிக்கிழமைதான் திரும்புவாள். அதுவரை அவள் வைத்துவிட்டுப் போன ரசத்தோடு நான் குடும்பம் நடத்துவேன். முதல் நாள் அது ரசம். மூன்றாம் நாள் அதற்குப் பெயர் கிடையாது.

ஆடு மாடு என்றால் ஆள் வைக்கச் சொல்வாள். கோழியும் வாத்தும் அப்படியல்ல. விடியும்போது திறந்துவிட வேண்டும், பொழுது சாயும்போது அடைக்க வேண்டும். நாயும் கீரியும் நடமாடும் ஊர். பொறுப்புள்ள பெண் இதுகளை விட்டுவிட்டுத் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்திருப்பாளா? கோழிகள் வாங்கினேன், வாத்துகளும் வாங்கினேன். கண்மாய் வறண்டு கிடந்ததால், வாத்து நீந்துவதற்கு ஆலங்குளம் சிமெண்டில் ஒரு தொட்டியும் கட்டினேன்.

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவளோ கோழிகளை மூடியிருந்த பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்ல காரியம் என்றாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எதையும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

முதல் கோழி அடைக்கு உட்கார்ந்தபோது அவள்தான் முட்டை வைத்தாள். நாள் தாண்டியும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. எல்லாம் கூமுட்டை என்று அவளே அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றுகூட நினைக்கிறேன். அடுத்த கோழிக்கு என்னை வைக்கச் சொன்னாள். பிஸ்மி சொல்லி வைத்தேன். அத்தனையும் பொரித்தது. வாத்துக்கு அடைகாக்கும் பொறுமை கிடையாது. அதன் முட்டையையும் கோழிக்கு அடியில்தான் வைக்க வேண்டும். அதையும் வைத்தேன். அதுவும் பொரித்தது.

“உங்க கைராசி யாருக்கும் வராது. என் கை ஆகாத கை. நான் இதுகளத் தொடாம இருக்கறதுதான் இதுகளுக்கு நல்லது,” என்றாள் ஆசியா. சொல்லிவிட்டு வியாழக்கிழமை பஸ் ஏறினாள்.

போகிற போக்கில் பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமியிடமும் சொல்லியிருக்கிறாள். அவள் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். வேனில் ஏறிய செய்தி இறங்குவதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. மறுநாளிலிருந்து கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் பெண்கள் முந்தியில் முட்டையோடு வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முட்டையாக என் கையில் வாங்கி, பிஸ்மி சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். வத்தல் கடையில் அத்தனை வருஷம் உட்கார்ந்தும் இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. மல்லாங்கிணற்றிலிருந்தே ஒரு அம்மா வந்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ராத்திரி ரசம் அதே ரசம்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் சிமெண்டுத் தொட்டியோடு செய்திருந்தேன்.

போன வாரம், ஹஸ்னா வீட்டில் பத்து நாள் தங்கப்போவதாக ஆசியா சொன்னாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவள் கைக்கும் ராசி உண்டு என்று ஆகிவிட்டால் அடுத்த தடவை போவதற்குச் சாக்கு இருக்காது. கிளம்புகிற அன்று காலையில், அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு நீயே ஒருதரம் வைத்துப் பார் என்று கெஞ்சினேன். மறுக்காமல் அடுக்களைக்குள் போனவள், கொஞ்ச நேரம் கழித்து முட்டைகளோடு வந்து வைத்துவிட்டுப் பை அடுக்கப் போனாள்.

கோழி எழுந்து திரும்பி உட்கார்ந்ததில் ஒரு முட்டை கூடையிலிருந்து உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஓடு மட்டும் விரிசல் விட்டு, உள்ளே வெள்ளை கெட்டியாக இருந்தது. ஓட்டை உரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“ஆசியா, இது அவிச்ச முட்டை.”

“ஆமாங்க.”

“அப்ப, மொதத்தரம் வச்சது?”

“அதுவுந்தான். பச்சை முட்டைய வச்சா பொரிச்சுருமுல்ல?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதை ஊரெல்லாம் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் நிதானமாகப் பையின் ஜிப்பை இழுத்தாள்.

“தாராளமாச் சொல்லுங்க. என் கை ஆகாத கை இல்லன்னா, உங்க கையும் ராசிக் கை இல்ல. நாளையிலருந்து ஒருத்தியும் உங்களத் தேடி வரமாட்டா. நானும் ஊருக்குப் போகல. கோழிய நானே பாத்துக்கிடறேன். நீங்க பழையபடி சும்மா உக்காந்திருங்க.”

நான் கேட்டது இதைத்தான். கோழி வாங்கியதே இதற்குத்தான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

வாசலில் பாண்டிலட்சுமியின் குரல் கேட்டது. “பாய் இருக்காகளா? வேன் வந்துரும், இந்த நாலு முட்டைய மட்டும் கொஞ்சம் தொட்டுக் குடுத்துருங்க.” கூடவே இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

ஆசியா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த முட்டையைப் பார்த்தேன். காலடிச் சத்தம் நெருங்கியது. முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.

“உப்பு அடுக்களையில இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.