பதினேழாம் கட்டிலின் தட்டு

பகல் ஒன்றேகாலுக்குப் பதினேழாம் கட்டிலின் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது.

மருத்துவமனைச் சமையலறையில் பயிற்சிப் பெண் மிச்சத்தை எடை போட்டாள். வேகவைத்த கோழியில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

“இன்னிக்கும் இல்லையா?” என்றார் தலைமை உணவியல் நிபுணர். “காயம் ஆறணும்னா அவர் சாப்பிடணும். அவர் சாப்பிட்டாத்தான் உன் சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போடுவேன்.”

நான்கு வருடப் படிப்பு, நுழைவுத் தேர்வு, ஆறு மாதப் பயிற்சி. எல்லாம் அந்தக் கையெழுத்தில் தொங்கியது. வீட்டில் அப்பா, “சோறு போட எதுக்குடி பட்டம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு தடவை மேல போய் அவர்கிட்டப் பேசட்டுமா மேடம்?”

“பயிற்சி முடியாம வார்டுக்குள்ள விடமாட்டாங்க. தட்டைப் பாத்துக் கத்துக்கோ. மனுஷன் பொய் சொல்வான், தட்டு சொல்லாது.”

தட்டுகளைக் கொண்டுபோய்க் கொண்டுவருபவர் வார்டு உதவியாளர். அவரைக் கேட்டாள்.

“பல் செட்டு குத்துதாம்மா. மெல்ல முடியலையாம்.”

மறுநாள் கோழியை மசித்து அனுப்பினாள். கால்வாசி தீர்ந்திருந்தது. பூரித்துப்போய், மிச்சத்தை எடை போட்டுக் குப்பையில் கொட்டினாள்.

சாயங்காலம் உதவியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “தட்டுல காகிதத்துல சுத்தி வெச்சிருந்தாரே, அது எங்கம்மா?”

“எது?”

“அவரோட பல்லு!”

குப்பை வண்டி மதியமே போயிருந்தது.

இனி மெல்லும் பேச்சே இல்லை. பாலில் புரதப் பொடியைக் கலந்து அனுப்பினாள். சீக்கிரம் தேறட்டும் என்று ஒரு கரண்டி கூடவே போட்டாள். மறுநாள் காலையில் கோப்பை காலியாக வந்தது.

“குடிச்சிட்டாரா!”

“குடிச்சாரு. அப்புறம் ராத்திரி பூரா வயித்தால போச்சு. படுக்கையை மாத்தி மாத்தி நர்ஸம்மா உங்களை வாயாரத் திட்டுறாங்க.”

பொடியைக் குறைத்தாள். பால் திரும்பியது. பாலை நிறுத்திப் பழக்கூழ் அனுப்பினாள். அதுவும் திரும்பியது. பயிற்சி முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

“அண்ணே, என்னதான் அனுப்பினா தட்டு காலியாகும்? நீங்களே சொல்லுங்க.”

உதவியாளர் தலையைச் சொறிந்தார். “ஆம்லெட் போட்டுப் பாருங்களேன். வெங்காயம் நிறையப் போட்டு.”

போட்டாள். தட்டு துடைத்துவிட்ட மாதிரி வந்தது.

அடுத்த நாள் இரண்டு முட்டை. அதற்கடுத்த நாள் மூன்று. வெண்ணெய் தடவிய ரொட்டியும் சேர்த்தாள். ஒரு துணுக்கு மிஞ்சவில்லை.

கடைசி நாள் தலைமை நிபுணர் வெறும் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். “இப்ப நீ டயட்டீஷியன்” என்றார். அந்த ஆறு மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டு வண்டி நின்ற இடத்துக்கு ஓடினாள். “அண்ணே, இனிமே என்னை வார்டுக்குள்ள விடுவாங்க. தாத்தாவைப் பாத்துப் பல்லுக்கு மன்னிப்புக் கேக்கணும்.”

“யாரு, பதினேழா? அவரைத்தான் பால் குடிச்ச மறுநாளே எடுத்துட்டுப் போய்ட்டாங்களே. ஏம்மா, அப்போ நாளையிலேருந்து ஆம்லெட் வராதா?”