பச்சை மையில் நின்ற விமான நிலையம்

பணியிடத்தில் வைக்கப்பட்டிருக்கும் ஆய்வுப் பதிவேட்டில், அந்தப் பணியை மேற்பார்வையிட அதிகாரம் பெற்ற அலுவலர் தவிர வேறு எவரும் எதையும் எழுதலாகாது. இது விதி. விதியின் எண்ணும் எனக்குத் தெரியும். சொன்னால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள் என்பதால் விட்டுவிடுகிறேன். பணியில் இருந்தபோது இந்த விதியை என் கீழிருந்தவர்களுக்கு இரண்டு முறை சுற்றறிக்கையாக அனுப்பி, படித்ததற்குக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். ஆகவே நான் செய்ததை அறியாமல் நேர்ந்த பிழை என்று யாரும் பெருந்தன்மையோடு மன்னித்துவிட வேண்டாம்.

சார்புச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் விமான நிலையத்தின் சுற்றுச்சுவர் தெரியும். எங்கள் ஊருக்கு விமானம் வரும், பிறகு வராது, பிறகு மறுபடி வரும். தலைதீபாவளி மாப்பிள்ளைகூட இத்தனை முறை கோபித்துக்கொண்டு போயிருக்க மாட்டார். அப்படிப்பட்ட இடத்தைப் புதுப்பித்து விரிவாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்து, உண்மையிலேயே லாரிகளும் வந்தபோது, ஓய்வுக்குப் பின் ஆறு ஆண்டுகளாகக் கோப்பு எதுவும் பார்க்காமல் காய்ந்துபோயிருந்த என் கண்களுக்கு ஒரு வேலை கிடைத்தது.

தினமும் காலையில் காப்பியோடு மாடிக்குப் போவேன். பார்த்ததை நோட்டில் குறித்துக்கொள்வேன். பிறகு தெரு நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை வெளியிடுவேன். "காலை ஆறு நாற்பதுக்கு ஜேசிபி ஒன்று தெற்கு நோக்கி நகர்ந்தது. ஒன்பது மணி வரை திரும்பவில்லை. காரணம் அறிவிக்கப்படவில்லை." இந்த மாதிரி. குழுவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எதிர்வீட்டு சொல்தா மட்டும் (பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) 'த்ரே பியான்', அதாவது 'மிக நன்று', என்று பிரெஞ்சில் ஒரு பாராட்டுப் போடுவார். என் உழைப்பை மதிக்க ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று நெகிழ்ந்திருந்தேன். கடைசித் தெருவில் ஒருவர் இறந்த செய்திக்கும் அவர் 'த்ரே பியான்' போட்ட அன்றுதான், எதையும் படிக்காமலே போடுகிறார் என்று தெரிந்தது.

"கட்டறது அவங்க. மேஸ்திரி மாதிரி வேர்த்து வடியறது நீங்க" என்பாள் என் மனைவி சரோஜா.

மாடியில் இருந்து பார்த்ததில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சுவரை ஒட்டிப் புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகால் எங்கள் தெருவை நோக்கிச் சரிந்திருப்பதுபோல் தோன்றியது. அது உண்மையானால் ஐப்பசியில் விமான நிலையம் உலர்ந்திருக்கும், நாங்கள் மிதப்போம். மாடியிலிருந்து எடுத்த முடிவை அருகில் போய் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாள் கிளம்பினேன். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் குடை, அக்குளில் நோட்டு வைத்த கோப்பு உறை, சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரிகள் மட்டுமே பச்சை மையில் எழுதலாம் என்பது நம் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற அன்றே அதைக் கீழே வைத்திருக்க வேண்டும். நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தேன், அறைச் சாவியைக் கொடுத்தேன். பேனா சொந்தப் பேனா என்பதால் தங்கிவிட்டது.

வாயிலில் என்னைப் பார்த்ததும் காவலாளி எழுந்து சல்யூட் அடித்தார். ஆறு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த முதல் சல்யூட். நடுவில் ஒரு ஏடிஎம் காவலாளி அடித்தார். அது எனக்குப் பின்னால் நின்றவருக்கு.

உள்ளேயிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க மேற்பார்வையாளர் சட்டையை பேண்ட்டுக்குள் செருகிக்கொண்டே ஓடி வந்தார்.

"வாங்க சார். பதினோரு மணிக்குன்னு சொன்னாங்க. முன்னாடியே வந்துட்டீங்க."

"நேரம் முக்கியம் இல்லையா" என்றேன்.

(இதில் பொய் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்கவும். பொதுவான கருத்து.)

தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வரவேண்டிய நாள் அது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. 'நான் அவர் இல்லை' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். ஆனால் அதற்குள் நாற்காலி வந்துவிட்டது. அதன் முதுகில் துண்டும் போர்த்தியிருந்தது. பின்னாலேயே இளநீர் வந்தது. என்னை யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடையளிப்பது அலுவலக மரபல்ல. மஞ்சள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நடந்தேன். வடிகாலருகே நின்றேன்.

"சரிவு எந்தப் பக்கம்?"

"கெழக்கால சார். லெவல் வச்சு ரெண்டு வாட்டி பாத்துட்டோம்."

"பாத்தா அப்படித் தெரியலையே."

"எங்கேருந்து பாத்தா சார்?"

நியாயமான கேள்வி. 'எங்கள் வீட்டு மாடியிலிருந்து' என்று சொல்ல முடியாததால், நீளமாக ஒரு 'ம்' போட்டேன். அந்த 'ம்' ஒன்றை வைத்துத்தான் நான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பதிவேட்டைத் திறந்து முன்னால் வைத்தார். "எழுதிட்டீங்கன்னா நல்லாருக்கும் சார்."

இங்கே நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் கோடு போட்ட வெற்றுப் பக்கம். மேலே தேதி, கீழே கையெழுத்துக்கு இடம். எனக்கு முன்னால் திறந்து வைத்த பதிவேட்டில் எழுதாமல் எழுந்த வழக்கம் என் வாழ்நாளில் இல்லை. கை தானாகப் போய்விட்டது. "நேரில் பார்வையிடப்பட்டது. மழைநீர் வடிகாலின் சரிவு ஐயத்திற்குரியது. உரிய தெளிவுரை பெறும்வரை பணியை நிறுத்திவைக்கவும்." கீழே கையெழுத்து, அதற்குக் கீழே என் பழைய பதவி. எல்லாம் பச்சையில்.

அன்று வரவேண்டிய அசல் அதிகாரி வரவில்லை. (அதுவும் மரபுதான்.)

மறுநாள் காலை மாடியிலிருந்து பார்த்தேன். ஒரு லாரியும் ஓடவில்லை. அடுத்த நாளும் அப்படியே. என் குறிப்பால்தான் நின்றது என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் என் பணிக்காலம் முழுவதும் நான் எழுதிய எந்தக் குறிப்பும் எந்த வேலையையும் நிறுத்தியதில்லை, தொடங்கியதும் இல்லை. எனவே குழுவில் காட்டமாக எழுதினேன்: "பணி திடீர் நிறுத்தம். பொறுப்பற்ற நிர்வாகம்." த்ரே பியான் வந்தது. அதோடு விடாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு ஒன்றும் போட்டேன். யாருடைய ஆணையால் பணி நிறுத்தப்பட்டது, அவருக்கு அந்த அதிகாரம் உண்டா, இல்லையெனில் அவர்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்படும் என்று மூன்று கேள்விகள். மூன்றும் கூர்மையான கேள்விகள். இப்போது படித்தாலும் எனக்கு அவற்றில் குறை சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, எங்கள் தெருவில் மீன் விற்கும் வீராம்பட்டினத்து அஞ்சலை வாசலில் கூடையை இறக்கிவிட்டு மூடியைத் திறக்காமலே உட்கார்ந்தாள்.

"இன்னா அஞ்சலை, சங்கரா இல்லையா?" என்றாள் சரோஜா.

"கீதுக்கா. விக்கற மனசுதான் இல்ல. எம் புள்ள முருகவேலு ஏர்போட்டு வேலையில சூப்பர்வைசரா இருந்தான்ல, அவன வராதன்னுட்டாங்க. இந்த மாசம் வேல நெரந்தரம் ஆவறதா இருந்துச்சு."

"ஏன், இன்னா பண்ணான்?"

"அவன் இன்னாத்த பண்ணான். எவனோ ஒரு கெழவன் உள்ள பூந்து பச்ச இங்க்கில எழுதி வேலய நிறுத்திட்டுப் பூட்டானாம். மேல கேட்டா, நாங்க யாரயும் அனுப்பலையேங்கறாங்க. தெரியாத ஆள ஏன் உட்டன்னு இவன் தலையில வச்சிட்டாங்க. அவுங்க அப்பா கடல்ல கெடந்து படிக்க வச்ச புள்ளக்கா."

நான் கையிலிருந்த செய்தித்தாளை மெதுவாக முகத்துக்கு நேரே உயர்த்தினேன்.

"அந்த ஆளு எப்படி இருந்தானாம்?" சரோஜாவின் குரல் செய்தித்தாளை நோக்கித் திரும்பியிருந்தது.

"கொடையும் கையுமா இருந்தானாம். எளநீ வாங்கிக் குடுத்தா, வழுக்கைய வழிச்சிக் குடுன்னு கேட்டானாம்."

அதற்குமேல் அடையாள அணிவகுப்பு தேவைப்படவில்லை. "அஞ்சலை, அது இவருதான்" என்றாள் என் மனைவி. நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் எனக்குக் கால அவகாசம் கொடுத்ததே இல்லை.

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஏன் சாரு, வூட்ல ஒனக்கு ஒரு வேலயும் இல்லியா?"

என் ஓய்வுக்காலத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமான ஆய்வுக் குறிப்பு இன்றுவரை எவரும் எழுதவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று வீட்டில் ரசம்.

மறுநாள் சரோஜாவும் நானும் பணியிட அலுவலகத்துக்குப் போனோம். தனியாகப் போனால் வேறு எதையாவது ஆய்வு செய்துவிடுவேன் என்று அவள் கூடவே வந்தாள். செயற்பொறியாளர் ஒரு பெண்மணி. அவர் மேசையில் என் பதிவேட்டுப் பக்கமும் என் தகவல் உரிமை மனுவும் அருகருகே கிடந்தன.

"சார், ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்குதேன்னு நேத்திலேர்ந்து பாத்துட்டிருக்கேன்" என்றார் அமைதியாக. "உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு நீங்களே மனு போட்டிருக்கீங்க."

"அந்தப் பையன் மேல தப்பில்லம்மா."

"தெரியுது. ஆனா விஷயம் மேல போயிடுச்சு. நீங்க எழுத்துல குடுங்க, நான் அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் அவர உள்ள விட எனக்கு அதிகாரம் இல்ல."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"உங்களுக்குத் தெரியாததா சார்."

தெரியும். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கக் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்புகள் என்று ஒன்பது பக்கம். அதில் முருகவேல் ஏழாம் பக்கத்தில் வந்தார். சரோஜா படித்துப் பார்த்துவிட்டு நான்காக மடித்து அடுப்படி அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்தாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், நீல மையில்: "நான் அதிகாரி இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. அந்தப் பிள்ளைக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள்." என் பெயரில் போன அரசுக் கடிதங்களிலேயே படித்தவுடன் புரியக்கூடியது அது ஒன்றுதான்.

கடிதம் கொடுத்த மூன்றாம் நாளே வடிகால் வேலை மறுபடி தொடங்கிவிட்டது. மறுபடி அளந்து பார்த்ததில் சரிவு கிழக்கேதான், எங்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கம்தான், இருந்ததாம். நான் மாடிக்குப் போவதை நிறுத்தினேன். இப்போது கடிதத்தைப் பின்தொடர்ந்தேன். எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும், எந்த எழுத்தர் விடுப்பில் போனால் யார் தொடமாட்டார், எந்த அதிகாரி 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார், எல்லாம் எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. நானே செய்தவைதானே. நினைவூட்டுக் கடிதம் நான்கு போட்டேன். நினைவூட்டு போட்டால் கோப்பு தடிக்கும், தடித்த கோப்பு அடியில் போகும் என்பதும் தெரிந்தேதான் போட்டேன். சும்மா இருக்க முடியவில்லை.

முருகவேல் அப்பாவோடு படகில் போய்க்கொண்டிருந்தார். அஞ்சலை மறுபடி எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கினாள். "பதில் வந்துச்சா சாரு?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் முள் அதிகமுள்ள மீனாகப் பார்த்து எங்களுக்குப் போடுவாள். சரோஜாவும் மறுக்காமல் வாங்கி என் தட்டில் வைப்பாள். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று ஐந்து மாதம் முள் எடுத்தேன். தொண்டையில் குத்தும் ஒவ்வொரு முறையும், என் மேசையில் எத்தனை பேருடைய கடிதம் இப்படிக் கிடந்திருக்கும் என்று நினைப்பு வரும். எண்ணிப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

இந்தக் கதை இப்போது குடும்பச் சொத்து. கோரிமேட்டில் என் மகள் வீடு கட்டுகிறாள். தளம் போடும் நாளில் நான் போய் நின்றால், "மேஸ்திரி, அப்பா 'ம்'னு சொன்னா கண்டுக்காதீங்க, நீங்க கலவையப் போடுங்க" என்கிறாள். மாப்பிள்ளை மிக மரியாதையானவர். சிரிப்பை அடக்கப் பக்கத்து மனைக்குப் போய்விடுகிறார். கல்யாண வீடுகளில் மொய் நோட்டைக்கூட என் பக்கம் நீட்டுவதில்லை.

பதிலுக்கு வருகிறேன். ஒரு நாள் அஞ்சலை கூடையில்லாமல் வந்தாள். பின்னால் முருகவேல், கையில் உறை.

"சார், இதுல இன்னா போட்டிருக்குன்னு சொல்லுங்க. மூணு பேர் படிச்சாங்க. ரெண்டு பேர் வேல போச்சுங்கறாங்க, ஒருத்தர் இருக்குதுங்கறாரு."

வாங்கிப் பார்த்தேன். ஒரே வாக்கியம், பதினான்கு வரி. 'மேற்படி நிகழ்வில் மேற்படியாரின் பங்கு குறித்து மேற்கொண்டு நடவடிக்கை ஏதும் தேவையில்லை எனக் கருதப்பட்டு' என்று எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போனது. இரண்டு முறை படித்த பிறகுதான், பதின்மூன்றாம் வரியில் 'பணியேற்பும் பணிவரன்முறையும் ஒப்பளிக்கப்படலாகிறது' என்பது அகப்பட்டது. அஞ்சலை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரசு மொழியை நான் அத்தனை வருடம் கற்றது இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் போலும்.

"வேலை இருக்குது. நெரந்தரமும் பண்ணிட்டாங்க. உடனே போய்ச் சேரலாம்" என்றேன்.

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சரோஜா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நாளைக்கே போயிடுப்பா" என்றேன் முருகவேலிடம்.

"நாளைக்குத் தேருங்க சார், எங்க ஊரே இழுக்கும். சனிக்கெழம போறேன்."

கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதி மூன்று வாரத்துக்கு மேல் பழையது. ஆனால் கணக்கில் வருவது கைக்குக் கிடைத்த நாள்தான்: வீராம்பட்டினத்தில் ஆடி ஐந்தாம் வெள்ளித் தேருக்கு முந்தைய வியாழக்கிழமை, காலை பத்தே கால்.