அலுமினியத்தின் ஜென்ம விரோதி

எல்லா ஹவுசிங் சொசைட்டியிலும் அலுமினிய விரோதி ஒருவர் இருப்பார். உங்கள் சொசைட்டியில் இல்லையா? அப்படியென்றால் நீங்கள் லிஃப்டில் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை என்று அர்த்தம். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது; ஆனால் அடுப்பில் எந்தப் பாத்திரம் ஏறலாம் என்று தீர்ப்பு சொல்வது அவர்தான்.

செம்பூர் கிட்டு மாமா இந்த இனத்தில் முதல் ரகம். அலுமினியச் சட்டம் போட்ட ஜன்னலைத் தள்ளித் திறந்து, அலுமினியப் பட்டையைப் பிதுக்கி பிரஷர் மாத்திரையை விழுங்கி, அலுமினிய மடக்கு நாற்காலியில் சாய்ந்து, நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் நிற மருந்து இரண்டு மூடி குடித்துவிட்டு (அதிலும் அதுதான் கலந்திருக்கிறது, சொல்லிவிடாதீர்கள்), "இந்த அலுமினியம் இருக்கே, மூளையை அரிச்சுடும். ஞாபகமே போயிடும்" என்பார். இதையே நேற்றும் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்காது.

எடை இல்லை, துருப் பிடிக்காது, சட்டென்று சூடேறும் என்று யாராவது அதற்குப் பரிந்து பேசினால், "அதான் ஆபத்தே!" என்பார். என்ன ஆபத்து? வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.

போன ஞாயிறு, மகன் மாதவுக்குப் பெண் தர நினைக்கும் தாணேக்காரர்கள் சாப்பிட வருகிற நாளாகப் பார்த்து, ஷ்யாமளா மாமி குளிக்கப் போன சமயமாகவும் பார்த்து, மாமா மாமியின் அலுமினியக் குக்கரை எடுத்து, பழைய சாமான் வாங்கித் தாராவியில் உருக்கும் சொரிமுத்துவிடம் நீட்டிவிட்டார்.

"நல்லாத்தான இருக்கு? இத உருக்கினாலும் திரும்பக் குக்கராத்தான் வரும், ஐயா."

"மூளைக்கு ஆகாதுப்பா."

"நாங்க பொறந்ததுலேருந்து இதுலதான் பொங்கித் திங்கோம். போன வாரம் பேப்பரோட மூக்குக்கண்ணாடியையும் சேத்துப் போட்டுட்டிய. இந்தாங்க."

அதோடு விட்டாரா? மாமிக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று ஈயச்சொம்பைத் தாமே அடுப்பில் ஏற்றினார். மாமி தன் முதல் சம்பளத்தில் மாட்டுங்காவில் ஆசைஆசையாக வாங்கியது. தாணேக்காரர்களை அசத்த அன்றைய ரசம் அதில்தான் வைப்பதாக இருந்தது. முதலில் உள்ளே எதையாவது ஊற்றிவிட்டுத்தான் தீயை மூட்ட வேண்டும். அலுமினியம் உருகும் சூட்டில் பாதிகூட வேண்டாம், காலிச் சொம்பு குழைந்துவிடும். மாமாவுக்கு இது தெரியும். ஞாபகம் வரவில்லை. ஈயத்தின் மகிமையைப் பற்றி வந்திருந்த செய்தியைப் படிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது சொம்பின் அடிப்பாகம் பர்னருக்குள் இறங்கியிருந்தது.

மாமி கத்தவில்லை. அழுதுவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொரிமுத்துவுக்கு போன் போட்டார்.

"ஒங்கள ஒரு வார்த்த கேக்காம உருக்கிருவேனாம்மா? கீழ கேட்டுலதான் நிக்கேன். கொண்டாறேன்."

குக்கர் வந்தது. அடைத்துப்போன பர்னரை விட்டு அடுத்த பர்னரில் விசில் அடித்தது. தாணேக்காரர்கள் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். கை கழுவ வந்த பெண்ணின் அப்பா சமையலறையை எட்டிப் பார்த்து, திடுக்கிட்டு நின்றார்.

"அலுமினியமா? மூளையை அரிச்சுடுமே!"

கிட்டு மாமா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் அங்கேயே நிச்சயமாகிவிட்டது. மாமியும் பெண்ணின் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீங்கள் இந்த இனமே இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். அதை உங்கள் வீட்டில் குக்கர் வைக்கிறவர் காதில் விழும்படி ஒரு தடவை உரக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்.